நின்றுகொண்டே நூற்றிருபது

சோஹார் சனையாவில் ஜூலை.
ஸ்பேனரை வெயிலில் வைத்தால்
எடுக்கத் துணி வேண்டும்.

ஸஹமிலிருந்து வந்திருந்தாள் ஷம்ஸா, பிரசவ வார்டு நர்ஸ்.
இராத்திரி டூட்டி முடிந்த கண்கள்.
சாவியை என் உள்ளங்கையில் வைத்து,
"மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை.
வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் மிஸில் மாய்" என்றாள்.
தண்ணீர் மாதிரி.
எந்த மீட்டரும் என்னிடம்
இவ்வளவு துல்லியமாய்ப் பேசியதில்லை.

ராவுத்தர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
"ராக் போச்சு. மாத்திடு. நூத்தியெண்பது ரியால்."
ராக் போனால் கசியும், முனகும்,
திருப்பத் திருப்பத் தோள் நோகும்.
கனக்கிறது என்றுதான் எல்லோரும் வருவார்கள்.
லேசாயிருக்கிறது என்று ஒருத்தி வந்திருக்கிறாள்.

டயரில் காற்று பார்த்தேன். பெல்ட்டை விரலால் அமுக்கினேன்.
ஆயிலில் சிவப்பு மாறவில்லை, நுரை இல்லை.
இஃப்திகார் பம்பில் கேஜைப் பூட்டி
"டீக் ஹை" என்றுவிட்டு டீ குடிக்கப் போனான்.

மிச்சம் சோலினாய்டு.
வேகம் கூடக் கூட அதற்கு வரும் கரண்ட் குறைய வேண்டும்.
குறைந்தால்தான் ஸ்டீயரிங் இறுகும்,
கைக்கு ரோடு தெரியும்.
ஓம் பார்த்தேன்: எட்டுக்குக் கொஞ்சம் கீழே. பழுதில்லை.
காரைத் தூக்கி நிறுத்தினோம். ஷொஹாக் ஏறி மிதித்தான்.
அந்தரத்தில் சக்கரங்கள்.
நாற்பது. எண்பது. நூறு.
டேஷ்போர்டில் முள் ஏறுகிறது.
என் மீட்டரில் ஒரு ஆம்பியர்,
ஒரு ஆம்பியர்,
அதே ஒரு ஆம்பியர்.

முள்ளுக்குத் தெரிந்த வேகம்
ஸ்டீயரிங்குக்குத் தெரியவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில்
இன்னும் பார்க்கிங் தேடுவதாக நினைத்துக்கொண்டு
அந்தச் சின்னப் பெட்டி
நடு ஹைவேயில்
அவளுக்கு உதவிக்கொண்டே இருந்திருக்கிறது.

கிளஸ்டரைக் கழற்றினேன். பின்னால் வயர்க்கட்டு.
ஊதாவும் வெள்ளையுமாய் ஒரு வயர்,
பாதியில் வெட்டி, இரண்டு முனையிலும் பச்சை டேப்.
டேப்பின் நுனி, பின்னால் உரிக்க வசதியாக,
உள்ளே மடித்த சின்னக் காது.

இந்தச் சனையாவில்
அப்படி மடிக்கிறவன் ஒருவன்தான்.

பின் தெரு ஆடியோ கடையில் அப்போது வேலை.
நூற்றிருபதைத் தொட்டால் அடிக்கிற மணியை
நிறுத்தச் சொல்லி வருவார்கள்.
ஐந்து ரியால், பத்து நிமிஷம்.
வாரத்துக்கு ஆறேழு மணிகளை ஊமையாக்கினேன்.
அதே வயர் வேறு எங்கெல்லாம் போகிறதென்று
ஒருநாளும் படத்தை விரித்துப் பார்த்ததில்லை.
அந்தக் கார்க்காரன் முகம்கூட ஞாபகமில்லை.
விற்கும்போது இவளிடம் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

"வயர் அறுந்திருந்துச்சு" என்றேன் ராவுத்தரிடம்.
அறுந்திருந்தது. வசதியான வினை.
அறுத்தவன் யாரென்று கேட்காது.
ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.
பில்லில் எட்டு ரியால் போட்டார்,
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லிவா சாலையில் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில்.
எண்பதில் ஸ்டீயரிங் கொஞ்சம் திமிர ஆரம்பித்தது.
நூறில், டிரெய்லர் ஒன்று எதிரே கிழித்துப் போன காற்றுக்கு
கார் விலகவில்லை.
"தமாம்" என்றாள். தோள் இரண்டும் இறங்கின.

நூற்றிருபது.
டிங். டிங். டிங்.

"எய்ஷ் ஹாதா?"
ஸுர்ஆ, என்றேன். வேகம். மேற்கொண்டு சொல்ல
என் அரபி போதாது.
ஒரு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தாள்.
பிறகு சிரித்துக்கொண்டே,
இதை மட்டும் நிறுத்தலாமா, எவ்வளவு ஆகும் என்றாள்.

சட்டைப் பையில் கட்டர். பச்சை டேப்.
வாய்வரைக்கும் வந்தது ஐந்து ரியால்.

"காலை எடுங்க" என்றேன், தமிழில்.
புரிந்ததோ என்னவோ.
நூற்றுப்பதினெட்டு.