இரண்டாவது பிறிட்ஜ்

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு பிறிட்ஜ்.
முதலாவது கணக்கில் உள்ளது;
வருடா வருடம் கணக்காய்வுக்காரர் திறந்து பார்ப்பார்.
இரண்டாவது மருந்தறைக்குப் பின்னால்.
கதவு ரப்பர் கிழிந்து, பிளாஸ்ரர் போட்டு ஒட்டியது.
அதற்குள் இருப்பது எங்கள் மருந்தல்ல.

கரண்ட் வெட்டப்பட்ட வீடுகளின் இன்சுலின்.
கரண்டே இழுக்காத வீடுகளினதும்.
குப்பிக்குக் குப்பி வெள்ளை நாடா,
நாடாவில் என் கையெழுத்து:
நாவாந்துறைச் சவரிமுத்து.
பண்ணைப்பக்கம் கிளியக்கா
(அவவுக்கு வேறு பெயர் உண்டு, சொல்லமாட்டா).
கொய்யாத்தோட்டத்துப் பெடியன், பதினொரு வயது;
பள்ளிக்கூடம் போகிற வழியில்
சப்பாத்துக் கழற்ற நேரமில்லாமல்
வாசலில் நின்றே வயிற்றைக் காட்டுவான்.

காலை ஆறரைக்கு வருவார்கள். பின்னேரமும்.
காசு மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும்.
அந்த நேரம் பார்த்து
குகதாசர் குனிந்து பேனை தேடுவார்.
இருபது வருடமாய் அந்தப் பேனை
அவர் காதில்தான் இருக்கிறது.

குருநகர் மரியகொறற்றியின் குப்பி
மூன்று நாளாய் அசையவில்லை.
நண்டுக் கொம்பனியில் ஓடு உடைக்கிற மனுசி,
விரலெல்லாம் கீறல்,
கீறல் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் ஆறாது.
நாலாம் நாள்
ரீ பிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பி, குப்பியை உள்ளே இறக்கி
சைக்கிளை எடுத்தேன்.

இருந்தா. என்னைப் பார்க்கவில்லை.
உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தா.
கனடாவுக்கு நாங்கள் அனுப்பிய ஆண்டு மலர்,
வழுவழுப்பான தாள், ஏழாம் பக்கம்.
சட்டைக் கை உயர்த்தி, ஊசி போட்டபடி அவ.
கீழே: உங்கள் அன்பால் வாழும் இன்னொரு ஏழைத் தாய்.

"மகளின்ர வகுப்பு வட்சப்பில வந்திட்டுது, மிஸ்ஸி.
நான் ஏழை எண்டது எனக்குத் தெரியும்.
அதைக் கலரில அடிச்சே மற்றாக்களுக்குக் காட்டோணும்?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதன் ஓரத்தில்,
சட்டைக் கையைப் பிடித்தபடி இரண்டு விரல்.
என்னுடையவை.
சிரியுங்கோ அக்கா என்று சொன்னதும் நான்தான்.

மீற்றரில் எண் வரவில்லை.
எண்ணைத் தாண்டினால் அது ஒரு சொல்லைத்தான் காட்டும்.
ஓட்டோவில் வரும்போது
அவ பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தா, நான் புத்தகத்தை.
ஒழுங்கைக் குழிகளில் ஓட்டோ தூக்கிப் போட
இருவரும் ஒரே கம்பியைப் பிடித்தோம்.

இரண்டு இரவு வார்ட்டில்.
மூன்றாம் நாள் நிர்வாகக் கூட்டத்தில்
எழும்பி நின்று சொன்னேன்.
செயலாளர் கெட்ட மனுசரில்லை.
"படம் போகாட்டிக் காசு வராது, தங்கச்சி.
ஜெனரேற்றர் டீசல் ஏழாம் பக்கத்தால வந்தது.
மழைக்கு ஒழுகிற பிரசவ வார்ட்டுக் கூரையும்."
அதுவும் உண்மை.
உண்மை இரண்டு இருந்தால்
எதை எந்தத் தட்டில் அடுக்குவது என்று
மருந்தறையில் எனக்கு யாரும் பழக்கவில்லை.

இந்த வருட மலரில்
ஏழாம் பக்கத்தில் பிறிட்ஜின் படம், பூட்டிய கதவோடு.
பிளாஸ்ரர் நன்றாகத் தெரிகிறது.
காசு குறைவாகத்தான் வந்தது.
கூரைக்கு இன்னும் தறப்பாள்தான்.

மரியகொறற்றி ஒரு கிழமை வரவில்லை.
பிறகொரு நாள், ஆறரைக்கு,
பின்பக்கப் படலையால் அல்ல, முன்பக்கத்தால் வந்தா.
பிறிட்ஜை அவவே திறந்தா.
குப்பியில் என் எழுத்தை நகத்தால் சுரண்டி உரித்து
புது நாடா சுற்றினா.

"பேனை ஒண்டு தாங்கோ."

குகதாசர் குனியவில்லை.
காதிலிருந்து எடுத்து நீட்டினார்.

பெயர் எழுதவில்லை அவ.
ஒரு நண்டு கீறினா,
ஒரு பக்கக் கொடுக்கு மற்றதைவிடப் பெரிது.
குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு
கால்களையும் எண்ணிப் போட்டா.