பன்னிரண்டரை மணிக் கை

காலை ஆறு மணிக்கு என் கை
வேறு யாருடையதோ.
பற்பசை மூடியைப் பல்லால் திருகுகிறேன்.
பொத்தான் வைத்த துணி உடுத்தி
மூன்று வருடம் ஆயிற்று.
வெந்நீர் வாளியில் இரண்டு மணிக்கட்டையும் முக்கி
எட்டு மணிவரை உட்கார்ந்திருப்பேன்,
இட்லிக்கு அரிசி ஊறுவதுபோல.

பத்திலிருந்து இரண்டுவரை வேலை.
குதைபியாவில், சலூனுக்கும் செல்போன் கடைக்கும் நடுவில்
டைப்பிங் சென்டர்.
முன்பு எட்டு மணி நேரம், முழுச் சம்பளம்.
இப்போது பாதி நாள், சம்பளம்
பாதிக்கும் கொஞ்சம் கீழே.
"ஜெனோவா, உன் நாற்காலியை
யாருக்கும் கொடுக்கலையே" என்பார் குஞ்ஞுமோன் சேட்டன்.
நல்ல மனிதர். கணக்கிலும் கெட்டிக்காரர்.

மற்றவர்கள் கஷ்டத்தைப் படிவத்தில் ஏற்றுவது என் தொழில்.
விசா ரத்து, சம்பள பாக்கி,
சாரத்திலிருந்து விழுந்த பீகார்ப் பையனின் இழப்பீடு.
ஆளுக்கு ஒன்றரை தினார், நகல் தனி.
என்னுடையதை மட்டும்
எட்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

காப்பீட்டுக் கம்பெனியின் ஏழு பக்கம்.
நாலாம் பக்கத்தில்,
நீங்கள் வேலை செய்கிறீர்களா?
ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.
நடுவிலிருந்த வெள்ளையில்
மூன்று தரம் கிளிக் செய்து பார்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

ஏசிதான் எனக்கு ஆகாது.
மூட்டுக்கு மூட்டு ஊசி இறக்கும்.
ஆகஸ்ட் நண்பகலில் ஊரே உள்ளே ஓடும்போது
நான் வெளியே போய்
பார்க்கிங் சுவரில் உள்ளங்கைகளை வைத்து நிற்பேன்.
தோசைக்கல்லில் கை வைப்பவளைப் பார்ப்பதுபோல்
பார்ப்பார் பங்களாதேஷ்காரக் காவலாளி.
ஐந்து நிமிடத்தில் விரல்கள்
ஒவ்வொன்றாய்
என்னிடம் திரும்பி வரும்.

பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள்,
பகல் பன்னிரண்டரைக்கு.
டாக்சிக் காசை மிச்சம் பிடிக்கலாமென்று
பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்தேன்.
தப்பு அங்கேதான்.

"கையை மூடுங்கள்" என்றார் ஹனான் மேடம்.
மூடியது.
வீட்டில் வாயே திறக்காத பிள்ளை
விருந்தாளி முன்னால் பாட்டுப் பாடுமே, அப்படி
கட்டைவிரல் வரை அழகாய் மடிந்தது.
"நன்றாக மூடுகிறதே" என்றார்,
கொஞ்சம் வருத்தமாகத்தான்.
காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள் என்றேன்.
அலுவலகம் எட்டுக்குத்தான் திறக்கும் என்றார்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது.
அந்த ஒரு நொடி
கை வராமல் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.
நாலு வருடம் வெள்ளிக்கிழமைப் பூசை தவறாமல்
எந்தக் கைக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேனோ
அந்தக் கை.

மேல்முறையீட்டையும் நானேதான் அடிக்கிறேன்.
மதியம் ஒன்றரை, கூட்டமில்லாத நேரம்,
வலது கையில் ஒரு விரல்.
ஊசி விலை, மாத்திரை விலை, ரசீது எண்கள்.
பகுதி நேரம், பகுதி ஊதியம், பகுதி இயலாமை.
பழக்கத்தில் "பகுதி நோய்" என்றும் அடித்துவிட்டு
பின்னால் போய் அழித்தேன்.

இணைப்பு ஒன்பது: அறைத்தோழி லிசி எடுத்த படம்.
காலை ஆறு பத்து. நீல வாளி.
அதற்குள் இரண்டு கை.
முகம் வேண்டாமென்று சொல்லியிருந்தேன்,
ஆனாலும் ஓரத்தில் என் மோவாய் விழுந்திருக்கிறது.

அச்சாகி வந்த பதினான்கு தாளையும்
சேட்டனே அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தார்.
தண்ணீர் பாட்டிலை மூடி தளர்த்தி
என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுத்து
ஒன்றரை தினார் என்று எழுதினார்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு
அரையை மட்டும் அடித்தார்.