உதறல்

செவ்வாய்க்கிழமை தோறும்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்,
அன்னிக்கி என்னம்மா நடந்துச்சு.
சொன்னேன்.
முதுநகர் ஐஸ் கம்பெனி, ராத்திரி ஷிஃப்ட்,
வால்வு விட்டுப்போய் அம்மோனியா.
சொல்லும்போதெல்லாம் மூக்கு மறுபடி எரிந்தது.
ஒவ்வொரு தடவையும்
தெய்வசிகாமணி அண்ணன் கதவைப் பார்த்து ஓடி
போய்ச் சேராமலே விழுந்தார்.

நாலாவது வாரம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.
அந்தம்மா பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார், பாவம்.
வீட்டில் பிரிட்ஜ் உறுமினால் போதும்
தோள் காதுக்கு ஏறிவிடும்.
தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து
கடவாய்ப் பல் ஒன்று பிளந்தேவிட்டது.

அப்புறம்தான் மெஹருன்னிசா,
முட்டி வலிக்குக் கரண்ட் வைக்கிற பெண்.
"வாயை விடுங்க,
தொடை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."
பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து
உள்ளங்கால் இரண்டையும் ஒட்டவைத்து
விரிந்த முட்டியை மெல்ல
இன்னும் மெல்ல
மூடச் சொன்னாள்.
பாதியில் தொடை தானாகத் துடித்தது
படகுத் தட்டில் விழுந்த கெளுத்தி மாதிரி.

வெட்கத்தில் பிடித்து நிறுத்தப் பார்த்தேன்.
"விடுங்க. போதும்னு தோணினா காலை நீட்டிடுங்க.
சாவி உங்ககிட்டதான்."

தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறி
தாடையில் வந்து கடகடத்தது.
என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால்
ஆத்தா வந்துட்டாள்னு கற்பூரம் கொளுத்தியிருப்பார்.
அன்றைக்கு ஓடாமல் விட்ட ஓட்டத்தை
பாயிலேயே ஓடினேன்.
அழுகை வரவில்லை.
கொட்டாவி வந்தது, ஏழெட்டு.
கடைசியில் அசிங்கமாய் ஒரு ஏப்பம்.
அவள் ஃபேனைக் கூட்டிவைத்தாள்,
வேறெதுவும் கேட்கவில்லை.

வெளியே, துறைமுக ரோட்டில்
லாரிச் சக்கரத்துக்குத் தப்பிய நாய் ஒன்று
மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறிவிட்டு
மீன்கூடையை மோந்து பார்க்கப் போனது.
ச்சீ, இவ்வளவுதானா என்றிருந்தது.
பயந்தவளுக்குத்தான் உதறல் எடுக்கும் என்று
யார் சொல்லிவைத்தார்கள் எனக்கு?
மணல் ஒட்டிய பாயையும்தான் உதறுகிறோம்.

குணமாகிவிட்டேனா, தெரியாது.
ஐஸ் கம்பெனித் தெருவுக்குள் நுழையாமல்
உப்பனாற்றுப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன் இன்னும்.
ராத்திரி ஜன்னல் ஒன்று திறந்திருக்கவேண்டும், மழையானாலும்.
நேற்று திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம்.
ரோஸ்மில்க் டம்ளரில்
ஐஸ் கட்டி கிணுங்கென்றது.
குடித்தேன்.
பிளந்த பல் மட்டும் கூசியது.