விழும் வட்டம்

குழியை முதலில் வெட்டியது என் தப்பு.
நாலடி ஆழம், நாலு போல்ட்டு,
ஏழு நாள் ஈரச்சாக்குப் போர்த்தி
இறுகவைத்த கான்கிரீட்.
எட்டாம் நாள்தான் கயிற்றை எடுத்தேன்.

கோபுரம் நாற்பத்திரண்டு அடி.
கயிறும் நாற்பத்திரண்டு.
ஒரு முனையை போல்ட்டில் கட்டி
மறுமுனையில் அகப்பைக் காம்பைச் செருகி
மணலைக் கீறிக்கொண்டே நடந்தேன்.
மருந்துக்கடைக்காரம்மா கோடு கிழிக்குது என்று
வேதாளைப் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள்.

வடக்கே, மின்வாரியக் கம்பிக்கு
இருபதடி முன்னால் திரும்பியது கோடு. நல்லது.
முருங்கையைத் தொட்டது. சரி.
தெற்கே, கடல் பக்கம்,
ரெசினா பீவியின் ஆட்டுக்கொட்டிலுக்குள்
மூன்றடி நுழைந்தது.

"விழாது" என்றான் இன்னாசி.
மண்டபத்தில் வெல்டிங் பட்டறை,
அதற்கு முன் வல்லத்தில் பாய்மரம் ஏறியவன்.
"என் பற்று விட்டதில்லை."
"விழாதுன்னா இந்தக் கோடு எதுக்கு?"
கேட்டது ரெசினா,
கோட்டின் மேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு.
என்னிடம் பதில் இல்லை,
சிமெண்டு பில்தான் இருந்தது.

எட்டடி வடக்கே இன்னொரு குழி.
மின்கம்பிக்கு இன்னும் பன்னிரண்டடி மிச்சம்.
உப்புத்தண்ணீரின் ஓரம் நிற்க நிற்க
குரல் தாழப் பறந்து தூரம் போகும் என்பார்கள்.
போகட்டும்,
மடகாஸ்கர் எட்டடி தள்ளிப்போனது.

பெல்ட்டைக் கொடுத்தபோது இன்னாசி சிரித்தான்.
இரண்டு கொக்கி.
ஒன்றை அவிழ்க்குமுன் மற்றதை மாட்டு.
இரண்டும் கழன்ற நொடி உனக்குக் கிடையாது.
சிரித்தபடியே மாட்டினான்,
இருபதடிக்கு மேல் சிரிக்கவில்லை;
கொண்டல் அங்கே வேறு மாதிரி அடித்தது.
கீழே ஒருவரையும் நிற்கவிடவில்லை.
பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி
என் இடுப்பில் செருகிக்கொண்டேன்,
அவன் கால் மணலில் படும்வரை.

ஐந்து மாதம் நின்றது.
மொரீஷியஸில் ஒரு பஸ் மெக்கானிக்,
சூரங்குடியில் இராத்தூக்கம் இல்லாத வாத்தியார்,
பெயர் சொல்லாமல் இருமிவிட்டுப் போன ஒருவர்.
உப்பு தினமும் வந்தது.
கிரீஸ் தடவினேன், துருவைச் சுரண்டினேன்,
மூன்று இழுவைக் கம்பிக்கும்
மூன்று டர்ன்பக்கிள்.
இரண்டுக்குப் பூட்டுக்கம்பி முறுக்கினேன்.
வடக்கத்தியதற்கு நாளை என்று விட்டேன்.
ஒரு சாண் கம்பி. கடையில் சுருளாகவே கிடந்தது.

கார்த்திகையில் பாம்பனில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
ஆன்டெனா ஒயரைக் கழற்றி
ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன்.
வாடை இரவு முழுக்க அதிர்த்தது;
அதிரும் ஒவ்வொரு முறையும்
ஒரு மரை திரும்பியிருக்க வேண்டும்.
இரண்டே காலுக்குச் சத்தம்.
ஒரு பெரிய பாத்திரம் சாய்ந்த மாதிரி,
அப்புறம் மழை மட்டும்.

விடியும்வரை வெளியே போகவில்லை.
அறுந்தது எது, எது எதன்மேல் கிடக்கிறது
தெரியாமல் இருட்டில் போகக்கூடாது
என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

காலையில் அது தெற்கே கிடந்தது
வெற்று மணலில்,
நுனியைக் கொட்டில் பக்கம் நீட்டிக்கொண்டு.
சினை ஆடு வந்து
அலுமினியத்தில் படிந்த உப்பை நக்கியது.
இன்னாசி டர்ன்பக்கிளைக் கையில் எடுத்து
மரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
நான்தான் சொன்னேன்.

ரெசினா குனிந்து
நுனியிலிருந்து கொட்டில்வரை முழம் போட்டாள்.
"மூணு முழம், நாலு விரக்கடை."
சேலையில் கை துடைத்தாள்.
பழைய கான்கிரீட்டின் நாலு போல்ட்டில்
ஒன்றில் ஆட்டைக் கட்டினாள்,
அந்தக் குழி இப்போது அதற்குத்தான்.
பிறகு என் பக்கம் திரும்பி,

"கயிறு எங்கே வச்சிருக்கீங்க?
கொண்டாங்க.
இந்தத் தடவை நான் நடக்கேன்."