காண்க

சொல்லடைவு தயாரிப்பது என் பிழைப்பு.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒன்பது கட்டுரையாளர்கள்,
இந்துமாக்கடலின் பாதுகாப்பு பற்றி.
கடலை அவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள்.
எது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று
நான் சொல்லவேண்டும்.

போர்ட் லூயி, காஸி, மூன்றாவது மாடி.
சன்னலில் துறைமுகத்தின் ஒரு துண்டு:
எண்ணெய் நிரப்பும் தோணி, துருவேறிய இரண்டு மீன்பிடிக் கப்பல்,
கீழ்வீட்டுக்காரி காயப்போட்ட போர்வை.
வீட்டில் கிரியோல், வேலைக்கு ஆங்கிலம்,
வங்கியில் சண்டை என்றால் பிரெஞ்சு.
எண்ணும்போது மட்டும் எனக்குத் தமிழ் வருகிறது.
பக்க எண்களை உரக்கச் சொல்வேன்,
தூங்கும் ஆளை எழுப்புவதுபோல.

கடற்கொள்ளை, நாற்பத்தொரு பக்கங்களில்.
காப்பீட்டுக் கட்டணம், உயர்வு, பத்தொன்பதில்.
நீர்மூழ்கிகள், உட்பிரிவுகளே அரைப்பக்கம்.
சிறு தீவுகள் — காண்க: தளங்கள்.
மீனவர் — காண்க: சட்டவிரோத மீன்பிடிப்பு.

காண்க என்று எழுதுவதுதான்
இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் அதிகாரம்.
ஒருவனை இன்னொரு பெயரின் வாசலில்
கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிடலாம்.
எங்கள் குடும்பத்துக்கும் அது நடந்தது.
வேலாயுதன் என்று இறங்கியவனை
வலைதோன் என்று எழுதிக்கொண்டான் ஒரு குமாஸ்தா.
பெயரில் வலை வந்து ஒட்டிக்கொண்டது;
எங்களில் ஒருவரும் வீசியதில்லை.
வெட்டியதெல்லாம் கரும்பு.

ஆறாம் கட்டுரை, அடிக்குறிப்பு நாற்பத்து மூன்று:
'அடையாளம் தெரியாத சிறுபடகு. கொடி இல்லை.
ரேடாரில் பதினொரு நிமிடம். உடல்கள் ஆறு.'
அடுத்த வரியில்
கண்காணிப்பு விமானத்தின் விலை.

மூன்று முறை வராத சொல்லுக்கு
அடைவில் இடமில்லை, விதி தெரியும்.
உடல் ஒரு முறைதான் வந்திருந்தது.
மழை வரவே இல்லை. உப்பும் இல்லை.
அத்தனை பக்கத்திலும் தேடிவிட்டேன் என்றபோது
'கருவாடு போடமுடியாத கடல்' என்றாள்
தங்கை தேவினா, தட்டிலிருந்து கண் எடுக்காமல்.

கட்டுரையாளருக்கு எழுதினேன்.
ஓய்வுபெற்ற கொமடோர், சைமன்ஸ்டவுனில் இருக்கிறார்,
மறுநாளே பதில் போட்டார்.
அன்புள்ள வலைதோன் அம்மையீர்,
பெயர்கள் என்னிடம் இல்லை.
கோப்பில் எண்ணிக்கை மட்டுமே.
வாதத்துக்கு அது போதும் என்று நினைத்தேன்.
பின்குறிப்பு:
அந்த ரேடாரின் முன்னால் அன்று நின்றவன் நான்.

அன்றிரவு புயல் எச்சரிக்கை, எண் இரண்டு.
கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறையைவிட்டு வெளியேறின.
புயலென்றால் கரையை நம்பக்கூடாது,
ஆழத்துக்குப் போய்விடவேண்டும்;
அவ்வளவு பெரிய இரும்புக்கு அது முடியும்.
சன்னல் சட்டத்தில் பழைய துணியை அடைத்துவிட்டு
மென்பொருள் கேட்காத ஒரு பதிவைக்
கையால் தட்டினேன்:

ஆறு பேர், 217.

யாரும் வெட்டவில்லை.
யாரும் பார்க்கவில்லை, அதனால்.
ஆனால் அச்சுக்குப் போகும் வாரத்தில்
வரைபடம் ஒன்று இருந்தால் நல்லது என்று
யாருக்கோ தோன்றியிருக்கிறது.
இரண்டு பக்கம், ஆறாம் கட்டுரையின் நடுவே.
மற்ற எண்களெல்லாம் தாமாகவே நகர்ந்து
தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டன.
கையால் தட்டியது நகரவில்லை.

புத்தகம் வந்தது. கனமான அட்டை,
நானூற்றுப் பதினான்கு பக்கம்.
என் பெயர் எங்கும் இல்லை, அது வழக்கம்.
217ஐத் திறந்தேன்.
வரைபடத்தின் வலப்பாதி.
தீவுகள், அம்புக்குறிகள், யாருடையது எதுவரை என்னும் கோடுகள்,
எல்லாம் இடப்பக்கத்தோடு முடிந்துவிட்டன.
இங்கே மூலையில் ஓர் அளவுகோல்,
ஐந்நூறு கடல்மைல் என்று.
மீதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் நீர்.

பிழைதிருத்தம் அனுப்பலாம், ஒரு வரி போதும்:
217 என்பதை 219 என்று வாசிக்கவும்.
எழுதி வைத்திருக்கிறேன்.
அனுப்பவில்லை இன்னும்.