விற்ற பொருள் வாபஸ் இல்லை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
பெங்களூர் பஸ் திரும்பும் முனையில் என் கடை.
ஜூன் முதல் வாரம்
பின்பக்கத் தகரத்தைக் கத்தரித்து
யாரோ உள்ளே வந்து போயிருந்தார்கள்.
கல்லாவில் நாலாயிரத்துச் சொச்சம். தொடவில்லை.
போனது
கறுப்புப் பள்ளிக்கூட ஷூ, ஐந்து ஜோடி.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார், என்னென்ன சைஸ்?
எட்டு, பத்து, பதினொன்று, பதிமூன்று,
அப்புறம் ஒரு பெரிய இரண்டு.
அவர் பேனா நின்றது.
"திருடனுக்கு எத்தனை கால், பாய்?"
சிரித்தோம். டீ வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம்
முன்வாசல் வழியாகவே வந்தாள்.
பத்தொன்பது இருக்கும், இருபது இருக்கும்.
ஆம்பளைச் சட்டை, முழங்கைவரை சுருட்டியது.
பல்லிடுக்கில் தீக்குச்சி.
மேஜைமேல் ஒரு ஜோடியை வைத்தாள்.
என் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.
"கட்டைவெரல் இடிக்குதாம்.
ஒரு நம்பர் பெருசு குடு."

கை தானாக உயர்ந்து
சுவரிலிருந்த போர்டைக் காட்டியது.
இருபத்தாறு வருஷப் பழக்கம்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
விற்ற. பொருள். வாபஸ். இல்லை.
"நீ எனக்கு வித்தியா?"
இல்லை.
"அப்ப இது அதுல வராது."

எடுத்துக் கொடுத்தேன்.
வேறென்ன செய்வது, சொல்லுங்கள்.
டப்பாவைத் திறந்து
சாக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

பெயர் திம்மி என்றார்கள்.
ஓடுகிற லாரியில் தார்ப்பாய்க் கயிறு அறுப்பவள் என்றார்கள்.
மாம்பழக்கூழ் ஆலைக்குப் பின்னால்,
கழிவு ஓடும் பள்ளத்தை ஒட்டிய குடிசை.

ஞாயிறன்று போனேன்.
பாக்கி வசூலுக்கு என்று வீட்டில் சொன்னேன்.
பொய்யில்லை.
மாங்கொட்டைக் குவியல், அதன்மேல் இன்னொரு குவியலாக ஈ.
உள்ளே ஐந்து பேர்.
குவாரியில் வெடி முந்திக்கொண்டதால்
அப்பன் அம்மா இரண்டுமில்லாத அண்ணன் தம்பி.
ஹைவேயில் ஒரு ராத்திரி
குடும்பத்தில் மிஞ்சிய இருவர்.
கடைசியாக,
மாங்கனிக் கண்காட்சிக் கூட்டத்தில் தொலைந்து
யாரும் தேடி வராத சின்னவள்.
ஷூக்கள் ஆணியில் தொங்கின,
எலிக்கு எட்டாத உயரத்தில்.

களி கிண்டிக்கொண்டிருந்தாள்.
திரும்பாமலே கேட்டாள்,
"வேவு பாக்க வந்தியா, திங்க வந்தியா?"
பதிலுக்குக் காத்திராமல்
ஒரு உருண்டையைத் தட்டில் உருட்டினாள்.
கடுகுக்கீரை மசியல்.
பெரியவன் கணக்கு நோட்டை
என் முழங்கால்மேல் வைத்து எழுதினான்.
"வெளிய போன கைய கழுவுனியாடா?"
அவன் தலையில் கரண்டிக்காம்பு விழுந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.
பையிலிருந்த இருநூறு ரூபாய் இல்லை.
களிக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்
புகார் வேண்டாமென்றேன்.
எழுதினதைத் திரும்ப வாங்க முடியாது என்றார் ரைட்டர்.
அவர் தலைக்குமேல்
போர்டு எதுவும் இல்லை.

ஆடி பிறந்த வாரம்
நீலம் ஏற்றிய லாரியில் கயிறு அறுக்கையில் சிக்கினாள்.
ரவுண்டானாவில் ஜீப் நின்றது.
உதடு கிழிந்திருந்தது. தீக்குச்சி இல்லை.
கம்பிவலைக்குப் பின்னாலிருந்து கத்தினாள்,
"பாய்! சின்னதோட ஒத்த ஷூவ
நாய் தூக்கிட்டுப் போச்சு!
காலும் வளந்துடுச்சு! நம்பரு..."

பெங்களூர் பஸ் ஹாரன் அடித்தது.
ஜீப் போய்விட்டது.
எட்டரை என்றாளா, ஒன்பது என்றாளா,
தெரியவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
ஒன்பதில் ஒன்று, பத்தில் ஒன்று,
பையில் போட்டேன்.
போகிற வழியில் ராகி மாவும் வாங்க வேண்டும்.
பில் போடவில்லை.
போட்டால்
விற்ற பொருளாகிவிடும்.