மெரீற்றாவுக்கு ஒரு மாதக் கணக்கு

மெரீற்றா,
அந்தக் கிரேக்கத் தீவு போதும், திரும்பி வந்தால்
கொட்டாஞ்சேனையில் மாதம் எவ்வளவு முடியும்
என்று கேட்டிருந்தாய்.
இரவு கொப்பியை விரித்து உட்கார்ந்தேன்.
எனக்கே நான் இதுவரை போட்டுப் பார்க்காத கணக்கு.

அறைக்கு இருபத்திரண்டாயிரம்.
யன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கழுத்து தெரியும்,
அதற்குத் தனியாக எடுப்பதில்லை.
பாண் விலை எழுதவில்லை,
நீ டிக்கெட் போடுவதற்குள் மாறிவிடும்.
முட்டை ஒவ்வொன்றாகத்தான்.
பலீல் நானா அதைப் பேப்பரில் சுற்றித் தருவதைப் பார்த்தால்
செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்தவர் என்பாய்.
தேங்காயில் பாதி.
மற்றப் பாதி அடுத்த அறைச் சந்தமாலிக்கு.
கண் இருக்கிற பாதி ஒரு தரம் எனக்கு, ஒரு தரம் அவளுக்கு.
வேறெதை மறந்தாலும்
இது யாருடைய முறை என்பதை இரண்டு பேருமே மறப்பதில்லை.

உன் தீவில் கேட்காமலே பாண் கூடையைக் கொண்டுவந்து வைத்து
பில்லிலும் போடுவார்கள் என்று
சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாய்.
இங்கே மறந்துவிட்டாயா?
ஒரு பிளேன்டீக்கு உட்கார்ந்தால்
தட்டு நிறைய றோல்ஸும் கட்லட்டும் வந்துவிடும்,
தின்றதற்கு மட்டும் காசு.
தட்டைப் பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கப் பழகிவிட்டேன்.
வெயிட்டர் பையன் எண்ணுவான்.
வைத்த பத்தும் பத்தாகவே இருக்கும்.
என்னைவிட அவனுக்குத்தான் வெட்கம்.

பஸ் காசு எழுதினேன்.
கொண்டக்டர் தராத மீதியை எழுதவில்லை.
மூன்று ரூபாய்க்காக மிதிபலகையில் கை நீட்டி நிற்க
ஒரு முகம் வேண்டும்.
போன வருசம் அது எனக்கு வந்துவிட்டது.

நானும் என்ன திறமா?
பார்மசியில் சில்லறை முடிந்தால்
மீதிக்கு டொபி வைத்து நீட்டுகிறவள்தான்.
நேற்று ஒரு மனிசன் வந்து
ஏழு டொபியைக் கவுண்டரில் வரிசையாக அடுக்கி
"எல்லாம் நீங்க தந்ததுதான் பிள்ளை,
இதுக்கு ஒரு பிளாஸ்டர் தாங்க" என்றான்.
பெருவிரலில் இரத்தம்.
கொடுத்தேன். காசை என் பேர்சிலிருந்து போட்டேன்.
டொபிகள் இன்னும் பேர்சுக்குள் கிடக்கின்றன.
இதை எந்த வரியில் எழுதுவது, சொல்லு.

கூட்டினால்
ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று எழுபது.
திரும்பவும் கூட்டினேன், அதேதான்.
சம்பளம் நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு.
கணக்குப்படி பார்த்தால்
மாதக் கடைசி மூன்று நாளும் நான் இருந்திருக்கக் கூடாது.

ஆனால் இருந்தேனே.
போன முப்பத்தோராம் தேதி பின்னேரம்
சந்தமாலியோடு காலிமுகத்திடலில் நின்று
ஒரு இறால் வடையை இரண்டாகப் பிய்த்தேன்.
இப்போது ஒரு வடைக்கு ஒரு இறால்தான்.
அது யாருடைய பாதி என்று சண்டை பிடித்தோம்,
அவள் சிங்களத்தில், நான் தமிழில்,
காற்று உறைப்பையெல்லாம் கண்ணில் அடித்தது.
யார் காசு கொடுத்தது என்று
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அதனால் வா என்றும் வராதே என்றும்
எழுதத் தெரியவில்லை.
எதிர் அறை அடுத்த மாதம் காலியாகிறது,
மூன்று மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள்.
தேங்காயை மூன்றாகப் பிரிப்பது எப்படியென்று
சந்தமாலி இப்போதே கவலைப்படுகிறாள்.
வருவதானால்
காசை நோட்டாகக் கொண்டு வா.
சில்லறையை இங்கே யாரும் மாற்றித்தர மாட்டார்கள்.